தாதாசாகெப் பால்கே

தாதாசாகெப் பால்கே என்று அறியப்படும் துண்டிராஜ் கோவிந்த் பால்கே (ஏப்ரல் 30, 1870 - பெப்ரவரி 16, 1944) இந்தியத் திரைப்படத்துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகக் கருதப்படும் ராஜா ஹரிச்சந்திராவை 1913 இல் வெளியிட்டார். அனிமேஷன் எனப்படும் இயங்குபடக் கலையை இந்தியாவில் முதன்முதலில் கையாண்டவராகவும் இவர் குறிப்பிடப்படுகிறார். ஏறத்தாழ நாற்பது வயது வரை திரைப்படத்துடன் இவருக்குத் தொடர்பு எதுவும் இல்லை. ஓவியம், ஒளிப்படம், மாயவித்தை, அச்சுக்கலை எனப் பல தொழில்களில் ஈடுபட்டிருந்தார். அத்தொழில்களில் பெற்ற பயிற்சியும் குடும்பத்தினரின் உழைப்புமே இவருடைய படங்களுக்கு அடித்தளமாக அமைந்தன.

பிறப்பும் கல்வியும்

பால்கே மகாராட்டிர மாநிலம் நாசிக் அருகிலுள்ள திரிம்பக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சமசுகிருத அறிஞர். அவருக்கு வில்சன் கல்லூரியில் பணி கிடைத்ததால் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. 1885 இல் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்த பால்கே, பின்னர் பரோடா கலாபவனில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, ஒளிப்படக்கலை ஆகியவற்றைக் கற்றார்.

தொழில்களும் இழப்புகளும்

கோத்ரா நகரில் ஒளிப்படக்காரராகத் தொழில் தொடங்கினார். அங்கு பரவிய பிளேக் நோயில் முதல் மனைவியையும் குழந்தையையும் இழந்து அந்நகரை விட்டு வெளியேறினார். பரோடாவில் மீண்டும் ஒளிப்படத் தொழிலைத் தொடங்கியபோது, கேமரா உடலின் ஆற்றலை உறிஞ்சிவிடும் என்ற வதந்தி மக்களிடையே பரவியதால் அத்தொழிலும் நலிவுற்றது.

இக்காலத்தில் ஒரு செருமானிய வித்தைக்காரரிடம் மாயவித்தை கற்றார். தன் பெயரின் எழுத்துகளைத் திருப்பி அமைத்து, பேராசிரியர் கெல்பா என்ற பெயரில் மேடைகளில் வித்தை காட்டினார். பார்ப்பவரின் கண்ணை ஏமாற்றும் இக்கலை பின்னர் இவருடைய தந்திரக் காட்சிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. 1902 இல் கிரிஜாவை மணந்தார். திருமணத்திற்குப் பின் அவர் சரசுவதி எனப் பெயர் பெற்றார்.

1903 முதல் இந்தியத் தொல்லியல் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் அப்பணியைத் துறந்து அச்சகம் தொடங்கினார். ஓவியர் ராஜா ரவி வர்மாவின் கல்லச்சுப் படங்களுக்கான வேலையிலும் ஈடுபட்டார். 1909 இல் அச்சு இயந்திரங்கள் வாங்க செருமனிக்குச் சென்றுவந்தார். கூட்டாளிகளுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அச்சகத்தில் இருந்தும் விலகினார்.

திரைப்படத்தை நாடல்

1911 ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் பம்பாயில் இயேசு கிறித்துவின் வாழ்க்கை பற்றிய படத்தைக் கண்டார். இராமர், கிருட்டிணர் கதைகளையும் இவ்வாறு திரையில் காட்ட இயலும் என்ற எண்ணம் அப்போது தோன்றியது. ஓய்வின்றிப் படங்களைப் பார்த்தும் ஆய்வு செய்தும் வந்ததால் கண்பார்வை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சிறிது காலம் பார்வையை இழந்திருந்து, மருத்துவத்தின் பின் மீண்டார்.

ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துப் பணம் திரட்டி, 1912 பெப்ரவரியில் இலண்டன் சென்றார். அங்கு படத்தயாரிப்பாளர் செசில் ஹெப்வொர்த்தின் படப்பிடிப்பு நிலையத்தில் பயிற்சி பெற்றார். வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கிவிட்டு நாடு திரும்பினார்.

பட்டாணிச் செடி

முழுநீளப் படத்துக்குப் பணம் தர எவரும் முன்வரவில்லை. எனவே பால்கே தன் வீட்டில் ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்து, அது முளைத்துக் கொடியாக வளர்வதை ஒரு மாதத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். பல நாள் வளர்ச்சி சில நொடிகளில் நடப்பதுபோல் திரையில் தோன்றியது. இடைவெளி விட்டு எடுத்த படங்களைத் தொடர்ச்சியாக ஓட்டும் இம்முறை, இயங்குபடத்தின் அடிப்படைத் தத்துவத்தை ஒத்தது. இக்குறும்படத்தைக் கண்ட பின்னரே கடன் கிடைத்தது.

சரசுவதிபாயின் பங்கு

ராஜா ஹரிச்சந்திரா பெரும்பாலும் குடும்ப உழைப்பில் உருவானது. சரசுவதிபாய் தன் நகைகளைக் கொடுத்ததுடன், படக்குழுவினர் அனைவருக்கும் நாள்தோறும் உணவு சமைத்தார். படச்சுருளின் ஓரத்தில் துளையிடவும், சுருளை வேதிப்பொருள்களில் கழுவவும் கற்றுக்கொண்டார். படத்தில் இவர் பெயர் இடம்பெறவில்லை என்றாலும், இந்தியத் திரைத்தொழில்நுட்பத்தின் முன்னோடிப் பெண்களுள் ஒருவராக இவரைக் கொள்ளலாம். மகன் பாலச்சந்திரா அரிச்சந்திரனின் மகனாக நடித்தார். நடிக்கப் பெண்கள் முன்வராததால், உணவகமொன்றில் பணியாற்றிய சாளுங்கே தாராமதி வேடம் ஏற்றார். படம் மே 3, 1913 அன்று பம்பாய் காரனேஷன் அரங்கில் வெளியானது.

தீக்குச்சி இயங்குபடம்

முதல் உலகப் போர்க் காலத்தில் பணம் கிடைப்பது அரிதாயிற்று. பால்கே செலவு குறைந்த குறும்படங்களில் கவனம் செலுத்தினார். அவற்றுள் ஒன்றே 1915 இல் உருவான அகாட்யாஞ்சி மௌஜ் என்னும் தீக்குச்சிப் படம். இம்முறையில் குச்சிகளைச் சிறிதளவு நகர்த்தி ஒரு படச்சட்டம் எடுக்கப்படும். மீண்டும் நகர்த்தி அடுத்தது எடுக்கப்படும். தொடர்ந்து ஓட்டும்போது குச்சிகள் தாமே இயங்குவதுபோல் தோன்றும். நடிகரோ அரங்கோ தேவைப்படாத இம்முறைக்குப் பொறுமையே முதலீடு. இப்படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை.

பிற்காலம்

1917 இல் வெளியான இலங்கா தகனம் பெரும் வெற்றி பெற்றது. சென்னையில் வசூலான நாணயங்கள் மாட்டுவண்டியில் காவலுடன் கொண்டுசெல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1918 இல் கூட்டாளிகளுடன் இந்துஸ்தான் பட நிறுவனம் தொடங்கப்பட்டது. 1919 இல் வெளியான காளிய மர்தனத்தில் மகள் மந்தாகினி கிருட்டிணராக நடித்தார். கூட்டாளிகளுடன் முரண்பட்டுக் காசி சென்ற பால்கே, அங்கு இரங்கபூமி என்ற மராட்டி நாடகத்தை எழுதினார். 1922 இல் மீண்டும் நிறுவனத்துக்குத் திரும்பினார். பேசும்படங்களின் வருகைக்குப் பின் இவருடைய செல்வாக்கு குறைந்தது. 1937 இல் வெளியான கங்காவதரண் இவருடைய கடைசிப் படமாகும். 1944 இல் நாசிக்கில் காலமானார்.

நினைவு

திரைத்துறைக்கான இந்திய அரசின் உயரிய விருது 1969 முதல் இவர் பெயரில் வழங்கப்படுகிறது. 1971 இல் இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. ராஜா ஹரிச்சந்திரா உருவான கதையை மையமாகக் கொண்டு 2009 இல் ஹரிச்சந்திராச்சி ஃபாக்டரி என்ற மராட்டித் திரைப்படம் வெளிவந்தது. பெரும் படப்பிடிப்பு நிலையமோ முதலாளிகளின் ஆதரவோ இல்லாமல், வீட்டிலிருந்த ஒரு தொட்டிச் செடியைக் கொண்டு தன் திறமையை மெய்ப்பித்தவர் என்ற வகையில், தனித்து இயங்கும் இயங்குபடக் கலைஞர்களுக்கு இவர் முன்னோடியாக விளங்குகிறார்.