கரடிக்காரர் மகள் தியோடோரா

இன்றைய இஸ்தான்புல் ஊருக்கு அன்னைக்கு கான்ஸ்டான்டிநோபிள்னு பேர். அங்கே கரடி பராமரிச்சவரோட மகள் தியோடோரா. சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, மேடையேறி நடிச்சுப் பிழைச்சவர், 527-ல் ஜஸ்டினியனின் பட்டத்து ராணி ஆனார்.

532-ல் ஊரே கலவரமாச்சு. கூட்டம் ஹைப்பேஷியஸ் என்பவருக்கு முடிசூட்டியது. பெரிய மனுஷங்க சிலரும் அவர் பக்கம் சாய்ஞ்சாங்க. ராஜா கப்பலேறி ஓடப் பார்த்தார். ராணி ஓட மறுத்தார்; ராஜாவும் தங்கிட்டார்.

அரண்மனை அதிகாரி நார்செஸ் பொற்காசு கொடுத்து எதிராளிகளைப் பிரிச்சார். பிறகு படை புகுந்தது. சுமார் 30,000 பேர் செத்ததாகச் சொல்றாங்க. அதையும் மறக்கக் கூடாது.

பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களை மீட்டு, தங்க இடம் கொடுத்தார். 548-ல் மறைந்தார்.

பயந்து எழுந்து போகாம உட்கார்ந்தவர் அவர். காசுக்குப் பிரிஞ்ச கூட்டம்தான் அழிஞ்சது. நம்ம குழுவுக்கும் இது பாடம்.