திருகோணமலையில் துயிலும் அட்மிரலும் பெயரில்லாப் பட்டு அங்கியும்

திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்துப் பழைய பிரித்தானியக் கல்லறைகளுள் ஒன்று றியர் அட்மிரல் சாள்ஸ் ஜோன் ஒஸ்டினுடையது. இவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி என்பதை நம் துறைமுக நகரத்தவரிலேயே பலர் அறியார்.

1779 இல் இங்கிலாந்தின் ஹம்ஷயரில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த சாள்ஸ், 12 வயதிலேயே போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். 1801 இல் எதிரிக் கப்பலொன்றைப் பிடித்ததற்கான பங்காக 30 பவுண் கிடைத்தபோது, சகோதரியர் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். வீண்செலவென்று ஜேன் செல்லமாகக் கடிந்துகொண்டார். ஆயினும் 1814 இல் வெளியான 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலில், கடற்படையிலிருக்கும் அண்ணன் தங்கைக்கு அம்பர்ச் சிலுவையொன்றைப் பரிசளிக்கிறான். தம்பியின் அன்பை அக்காள் மறக்கவில்லை.

ஜேனுடையதெனக் கருதப்படும் பட்டு மேலங்கியொன்றும் ஹம்ஷயரிலே பேணப்படுகிறது. கபில நிறப் பட்டில் கருவாலி இலைக் கோலம் நெய்யப்பட்ட அவ்வங்கியை அணிந்தவர் ஏறத்தாழ ஐந்தரை அடி உயரமுள்ள மெல்லிய பெண்ணாக இருந்திருக்க வேண்டும். அதைத் தைத்தவர் யாரென்று காட்டும் அடையாளம் எதுவுமில்லை. உடையினுள்ளே பெயர் நாடா தைக்கும் வழக்கம் பாரிஸில் சாள்ஸ் வேர்த் போன்றோரால் பிற்பாடுதான் பரவியது. அங்கி ஜேனுடையது என்பதற்குக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த வாய்மொழியே முதற்சான்று. அவரது நாவல்களின் நிலையும் அதுவே. உயிருடன் இருந்தவரை அவற்றில் அவர் பெயர் அச்சாகவில்லை. முதல் நாவல் ஒரு சீமாட்டி எழுதியதென்றே வெளிவந்தது.

ஆடைக்கும் இக்குடும்பத்துக்கும் கீழைத்தேயத்துக்கும் தொடர்பு பழையது. தொப்பி, அலங்காரத் தொழில் பழகிய அத்தை பிலடெல்பியா 1752 இல் சென்னைக்குக் கப்பலேறி, அடுத்த ஆண்டு கடலூரில் மருத்துவர் ஒருவரை மணந்தார். ஈராக்கின் மோசூல் நகரின் பெயரைத் தாங்கி, வங்காளத்துத் தறிகளில் நெய்யப்பட்ட மஸ்லின் துணியைப் பற்றி ஜேன் தம் கதைமாந்தரை ஆர்வத்தோடு பேசவைத்தார்.

சாள்ஸின் வாழ்வு கடலோடு கழிந்தது. 1814 இல் முதல் மனைவி கப்பலிலேயே உயிர்நீத்தார். 1816 இல் அவரது கப்பல் துருக்கியின் ஸ்மிர்னாவுக்கு அண்மையில் உடைந்தது. பதவி உயர்வு மிகத் தாமதமாகவே வந்தது. 1850 இல், எழுபது கடந்த வயதில், கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதியின் தளபதியானார். பர்மியரின் மண்ணைப் பறிக்கத் தொடுக்கப்பட்ட இரண்டாம் பர்மியப் போரில் அவர் படை நடத்தினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஐராவதி ஆற்றில், புளூட்டோ என்னும் கப்பலில், 1852 ஒக்டோபர் 7 ஆந் திகதி வாந்திபேதியால் காலமானார். உடல் திருகோணமலையில் அடக்கஞ் செய்யப்பட்டது.

இங்குள்ள கல்லில் அவரது பெயரும் பதவியும் பொறிக்கப்பட்டுள்ளன. 1817 இல் மறைந்த தமக்கைக்கு வின்செஸ்டர் பேராலயத்தில் பதித்த கல்லிலோ, அவர் நாவல் எழுதியவர் என்று ஒரு சொல்லும் இல்லை.