பட்டாலைக் கணக்கர் மெண்டல்சோன்

மெய்யியல் வரலாறு கற்போர் மோசே மெண்டல்சோன் என்னும் பெயரை அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டிலே யேர்மனிய அறிஞர் வரிசையில் இடம்பெற்ற யூதர் அவர். இசைமேதை பெலிக்ஸ் மெண்டல்சோனின் பாட்டனார் என்ற அளவில் அறிந்தோரும் உளர். ஆயினும், முப்பதாண்டுக்கு மேலாகப் பட்டு வாணிகத்தாலே குடும்பம் காத்தவர் அவர் என்பதை நூல்கள் ஒரு வரியிற் கூறிவிட்டு அப்பாற் செல்கின்றன. எனக்கோ அந்த ஒரு வரியிலேதான் அவர் வாழ்க்கை முழுதும் அடங்கிக் கிடப்பதாகத் தோன்றுகின்றது.

அவர் 1729 ஆம் ஆண்டு டெசௌ நகரிற் பிறந்தார். தந்தையாராகிய மெண்டல், திருமறைச் சுருள்களைக் கையால் எழுதிக் கொடுக்கும் வறிய எழுத்தர். மெண்டலின் மகன் என்பதே மெண்டல்சோன் என்பதன் பொருள். இளமையிலே வந்த நோயால் முதுகு கூனிற்று. தம் ஆசிரியராகிய டேவிட் பிரெங்கெல் பேர்லின் நகர யூதர்க்குத் தலைமைக் குருவாகச் சென்றபோது, அவரைப் பிரியமாட்டாத மெண்டல்சோன் 1743 இல், பதினான்கு வயதிலே, அவர் பின்னே அந்நகரை அடைந்தார். ஆசிரியனைத் தேடி மாணவன் வழிநடந்த கதை எந்நாட்டு ஆசிரியருக்கும் இனிக்கும். என் போன்றோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

ஆனாற் பேர்லினில் வாழ்வது யூதர்க்கு எளிதன்று. அரசனிடம் உரிமைச் சீட்டுப் பெற்றோரும், அவரிடம் பணிபுரிவோருமே அங்கே தங்கலாம். மெண்டல்சோன் வறுமையோடு போராடியே இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்றார். லொக், லைப்னிற்ஸ் ஆகியோர் நூல்களைப் பயின்றார். 1750 இல் ஐசாக் பேர்ன்ஹார்ட் என்னும் பட்டு வணிகர் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அவரை அமர்த்தினார். 1754 இல் அவர் அவ்வணிகரின் பட்டாலையிற் கணக்கரானார்; 1761 இல் மேலாளரானார்; 1768 இல் முதலாளி இறந்தபின் அவர்தம் மனைவியாரோடு பங்காளியானார். பகற்பொழுதைக் கணக்கேடும் வாணிகக் கடிதமும் விழுங்க, எஞ்சிய பொழுதே நூலுக்கும் எழுத்துக்கும் வாய்த்தது. வாணிகம் தம் ஆற்றலை அரித்துத் தின்கின்றது என்று நண்பர்க்கு எழுதி வருந்தினாரேயன்றி, அத்தொழிலைக் கைவிட்டாரல்லர்.

கணக்கராய் அமர்ந்த அவ்வாண்டிலேயே, சதுரங்க ஆட்டத்தின் வாயிலாக, நாடகாசிரியர் லெசிங்கின் நட்பு வாய்த்தது. மெண்டல்சோன் படித்துப் பார்க்கக் கொடுத்த ஏட்டை அவரறியாமலே அச்சேற்றி, 1755 இல் நூலாகக் கையிற் கொடுத்தார் லெசிங். அத்தகைய நட்பு அது. 1763 இற் பேர்லின் அறிவியற் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியிற் பட்டாலை மேலாளர் முதற் பரிசு பெற்றார். அவருக்கு அடுத்த இடத்தில் நின்றவர் இம்மானுவேல் கான்ற். 1767 இல் வெளிவந்த, ஆன்மாவின் அழியாமை பற்றிய அவர்தம் நூலை ஐரோப்பா முழுதும் விரும்பிப் படித்தது.

இத்துணைப் புகழ் பெற்றவர், முதலாளி வேலையினின்று நீக்கினால் மறுநாளே நகரைவிட்டுத் துரத்தப்படக்கூடிய நிலையில் இருந்தார் என்றால் எவர் நம்புவர்? 1762 இல் அம்பேர்க் நகரத்து பிரோமெற் குகன்ஹைம் என்னும் பெண்ணை மணந்து இல்லறம் தொடங்கியும் அந்நிலை மாறவில்லை. அரசரின் நண்பராகிய ஆர்ஜான் பிரபு பரிந்து பேசிய பின்னரே, பிரெடரிக் மன்னர் 1763 இல் உரிமைச் சீட்டு வழங்கினார். அதுவும் அவர் ஒருவர்க்கே உரியது, பிள்ளைகளுக்குச் செல்லாது. பிள்ளைகளுக்கும் அதனை நீட்டித் தருமாறு பின்னர் அவர் விண்ணப்பித்தார், மன்னர் மறுத்தார். 1771 இல் அறிவியற் கழகத்தார் அவரை உறுப்பினராகத் தேர்ந்தபோதும் மன்னர் இசையவில்லை. கழகத்தில் இடம் கிடையாமையை அறிஞர் ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். தம் காலத்துக்குப் பின் மக்கள் எங்கே தங்குவர் என்ற ஏக்கத்தைத் தந்தையார் எங்ஙனம் பொறுப்பார்? பட்டுக் கணக்கை அவர் விடாது பற்றியிருந்ததற்கு இதுவே காரணம் என்று யான் கருதுகின்றேன்.

பிறந்த மக்கள் பதின்மருள் எஞ்சியோர் அறுவர். மாலையில் மனைவியோடும் மக்களோடும் அவர் உலாவச் செல்வார். தெருச் சிறுவர் யூதரென்று கூவிக் கல்லெறிவர். நாம் இவர்க்கு என்ன தீங்கு செய்தோம் என்று பிள்ளைகள் தந்தையைக் கேட்பர். மெய்யியல் வல்ல அப்பெருமகனாரிடம் அதற்கு விடையில்லை. 1780 இல் இளந்துறவி ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில் அவரே இதனைச் சொல்லி நொந்திருக்கின்றார். அவர் எழுதியவற்றுள் என் நெஞ்சை உருக்கியது இக்கடிதமே.

அவர்தம் அரும்பணிகள் சில பிள்ளைகளை முன்னிட்டே எழுந்தன. மோசேயின் ஐந்நூல்களை யேர்மன் மொழியிற் பெயர்த்து, எபிரேய எழுத்தில் எழுதத் தொடங்கியது தம் மைந்தர் கற்கும்பொருட்டே. அது 1780 முதல் 1783 வரை அச்சாகி யூதர் பலர்க்கும் யேர்மன் மொழியின் வாயிலைத் திறந்துவிட்டது. மூத்த மைந்தர் யோசேப்புக்கும் வேறு இளைஞர்க்கும் வாணிகத்துக்குச் செல்லுமுன் விடியற்பொழுதிலே கடவுட் கொள்கை பற்றிக் கற்பித்தார். அப்பாடங்களே 1785 இல் 'காலைப் பொழுதுகள்' என்னும் பெயரால் நூலாயின.

லெசிங் 1779 இல் எழுதிய 'ஞானி நாதான்' நாடகத்தின் தலைவர் யூத வணிகர். அவர்க்கு உருக் கொடுத்தவர் மெண்டல்சோனே என்பர். லெசிங் இறந்தபின் அவர் சமயக் கொள்கை பற்றிப் பழி எழுந்தது. அதனை மறுத்து எழுதிய ஏட்டை, 1785 ஆம் ஆண்டின் கடைசி நாளிற் கடுங்குளிரையும் பாராது பதிப்பாளரிடம் சேர்ப்பித்துத் திரும்பிய மெண்டல்சோன் நோயுற்றார். 1786 சனவரி 4 இல் உயிர் நீத்தார்.

அவர் கேட்டும் கிடையாத உரிமை, அடுத்த மன்னர் ஆட்சியில் மனைவிக்கும் மக்களுக்கும் கிடைத்தது. தந்தையிடம் விடியலிற் பாடம் கேட்ட யோசேப்பு 1795 இற் பேர்லினிலே ஒரு வங்கியைத் தொடங்கினார். தலைமுறைகள் பல கண்ட அவ்வங்கி, ஹிட்லர் ஆட்சியில், 1938 இல் மூடப்பட்டது.