தன் இருதயத்துக்குள் தானே குழாய் விட்ட டாக்டர்!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். வருஷத்தில் ஒரு நாளுக்கு ஒரு படி என்பார்கள்.

அரக்கோணத்தில் ரெயில் ஏறினால் சிறிது நேரத்தில் திருத்தணி வந்து விடும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களில் வயதானவர்களும் உண்டு.

போன வருஷம் வரை நிற்காமல் படி ஏறிய தாத்தா, இந்த வருஷம் ஐம்பதாவது படியிலேயே உட்கார்ந்து விடுகிறார். மூச்சு வாங்குகிறது. நெஞ்சை அடைக்கிறது. கண் இருட்டிக் கொண்டு வருகிறது.

வயதாகி விட்டது, அவ்வளவுதான் என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டு விடுகிறார்கள்.

வயது மட்டும்தான் காரணமா? அவருடைய இருதயத்தில் ஒரு கதவு இறுகிப் போயிருக்கலாம். மார்பைப் பிளக்காமலே அந்தக் கதவைச் சரி செய்ய இன்று வழி இருக்கிறது.

அந்த வழியில் முதல் அடி எடுத்து வைத்தவர் யார் தெரியுமா? ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் வெர்னர் போர்ஸ்மான். அவர் கதை ஆச்சரியமானது!

தந்தையை இழந்தவர்

போர்ஸ்மான் 1904-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். முதலாவது உலகப் போரில் அவர் இறந்து போனார். தாயார் வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்தார்.

டாக்டர் படிப்பு முடிந்ததும், பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இருதயத்தைத் தொட டாக்டர்கள் அஞ்சினார்கள். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு, மார்பு வழியே ஊசியை இருதயத்தில் குத்தி மருந்து ஏற்றுவார்கள். ஊசி தவறினால் ஆபத்து.

ஒரு பழைய படம் போர்ஸ்மானின் மனதில் பதிந்திருந்தது. குதிரையின் கழுத்து ரத்தக் குழாய் வழியே, அதன் இருதயத்துக்கு ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தும் படம் அது.

குதிரைக்குச் செய்ததை மனிதனுக்கு ஏன் செய்யக் கூடாது? கை ரத்தக் குழாய் வழியே போனால் இருதயத்தை எட்டலாமே! இப்படி யோசித்தார்.

தலைமை டாக்டரிடம் அனுமதி கேட்டார். அவர் மறுத்து விட்டார். நோயாளிக்குச் செய்யக் கூடாது. உன் உடம்பிலும் செய்து பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டார்.

மேஜையில் கட்டுண்ட நர்சு

ஆபரேஷன் கருவிகள் கெர்டா டிட்ஸன் என்ற நர்சின் பொறுப்பில் இருந்தன. போர்ஸ்மான் அவரிடம் தம் திட்டத்தை விளக்கிச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் அதிகம். சோதனையைத் தன் உடம்பிலேயே செய்யும்படி சொன்னார்.

1929-ம் ஆண்டு ஒரு நாள், நர்சை மேஜையில் படுக்க வைத்துக் கை கால்களைக் கட்டினார் போர்ஸ்மான். நர்சின் கையில் மருந்தைத் தடவினார்.

ஆனால் அது வெறும் பாசாங்கு! நர்சின் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று, மரத்துப் போகும் ஊசியைத் தம் இடது கையில் போட்டுக் கொண்டார். முழங்கை மடிப்பில் கீறி, சிறுநீர் நோய்க்குப் பயன்படும் மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள் நுழைத்தார். பிறகுதான் நர்சுக்கு விஷயம் தெரிந்தது. ஏமாந்து விட்டோமே என்று அவருக்குக் கோபம் வந்தது.

கட்டை அவிழ்த்து விட்டு, கையில் குழாயுடன் எக்ஸ்ரே அறைக்கு நடந்தார் போர்ஸ்மான். அங்கே நர்சு கண்ணாடியைப் பிடித்துக் கொள்ள, எக்ஸ்ரே திரையில் தெரிந்ததைக் கண்ணாடியில் பார்த்தபடியே குழாயை மேலும் தள்ளினார். ஓடி வந்த நண்பர் ஒருவர் அதைப் பிடுங்கி எறியப் பார்த்தார். போர்ஸ்மான் இடம் கொடுக்கவில்லை.

65 சென்டிமீட்டர் குழாய் உள்ளே போனது. அதன் நுனி இருதயத்தின் வலது மேல் அறையைத் தொட்டது. உடனே எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்தார்.

அவர் சாகவில்லை. இருதயம் நிற்கவில்லை!

கிடைத்தது ஏளனம்

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு மருத்துவப் பத்திரிகையில் இந்தச் சோதனையின் விவரம் வெளிவந்தது. பாராட்டுக்குப் பதில் ஏளனமே கிடைத்தது. பெர்லினில் புகழ் பெற்ற சர்ஜன் ஒருவர், இது சர்க்கஸ் வித்தை என்று இகழ்ந்து அவரை வெளியே அனுப்பி விட்டார்.

மனம் உடைந்த போர்ஸ்மான் இருதய ஆராய்ச்சியைக் கைவிட்டார். சிறுநீர் நோய் டாக்டராக மாறினார்.

1932-ல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அது அவர் வாழ்க்கையில் அழியாத கறை. போரில் ராணுவ டாக்டராக இருந்து, கைதியானார். விடுதலையான பிறகு சில காலம் டாக்டர் தொழில் செய்ய முடியவில்லை. மரம் வெட்டியும் பிழைத்தார். அவருடைய மனைவியும் டாக்டர். பிள்ளைகள் 6 பேர்.

இதற்கிடையே கடல் கடந்து ஒரு காரியம் நடந்தது. நியூயார்க் நகரில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் போர்ஸ்மானின் முறையைக் கையில் எடுத்தார்கள். 1941 முதல் நோயாளிகளின் இருதயத்துக்குள் குழாய் விட்டு, ரத்த ஓட்டத்தை அளந்தார்கள்.

1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது போர்ஸ்மான் ஒரு சிறிய ஊரில் சிறுநீர் நோய் டாக்டராக இருந்தார். ஏளனத்துக்கு 27 வருஷம் கழித்து வந்த பதில் அது!

1979-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அவர் காலமானார்.

இறுகிய கதவு

நம் இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு என்ற கதவு திறந்து ரத்தத்தை வெளியே விடுகிறது. வயதாக ஆக, சிலருக்கு அந்தக் கதவில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகி விடுகிறது. துருப்பிடித்த கீல் போலத்தான்.

மார்பைத் திறந்து புது வால்வு வைப்பது பழைய வழி. ஆனால் 80 வயதுக் கிழவருக்கு சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நுரையீரல் பலவீனம் எல்லாம் சேர்ந்திருந்தால்? அந்த ஆபரேஷனை அவர் உடம்பு தாங்காது. முன்பு இப்படிப்பட்டவர்களுக்கு மருந்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

பிரான்சில் ரூவான் நகர டாக்டர் அலென் கிரிபியே, 1985-ல் 72 வயது மூதாட்டியின் வால்வுக்குள் குழாய் வழியே பலூனை அனுப்பி விரித்தார். ஆனால் பலூனால் விரித்த வால்வு சில மாதங்களில் மறுபடி இறுகுவது வழக்கமாக இருந்தது.

2002-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, விலங்கின் திசுவால் செய்த புது வால்வையே சுருட்டிக் குழாய் வழியே அனுப்பினார். சர்ஜன்கள் கைவிட்ட 57 வயது நோயாளி அவர். கால் ரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்ததால், வால்வு வேறு பாதையில் போனது. எந்தப் பாதை? போர்ஸ்மானின் குழாய் தொட்ட அதே வலது மேல் அறை வழியாக!

வால்வு வேலை செய்தது. ஆனால் சில மாதங்களில் மற்ற நோய்கள் அவர் உயிரைப் பறித்தன.

இப்போது பெரும்பாலும் தொடை ரத்தக் குழாய் வழியாகவே வால்வைச் செலுத்துகிறார்கள். கிளைப் பாதையில் ஏறி ஜங்ஷனுக்கு வருவது போல! இதற்கு டாவி சிகிச்சை என்று பெயர்.

ஆபரேஷன் தாங்காது என்று ஒதுக்கப்பட்ட 358 முதியவர்களை வைத்து நடந்த ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. பழைய சிகிச்சையில் இருந்தவர்களில், ஒரு வருஷத்துக்குள் 100-க்கு 51 பேர் இறந்தார்கள். குழாய் வழியே வால்வு வைத்தவர்களில் 100-க்கு 31 பேர். ஆனால் வால்வு வைத்தவர்களிடம் பக்கவாதம் அதிகமாகக் காணப்பட்டது.

ஆகவே எல்லோருக்கும் இது பொருந்தி விடாது. செலவும் அதிகம். எக்ஸ்ரேக்காக ஏற்றும் மருந்து பலவீனமான சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். பெரியவர் தாமாக எழுந்து நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, ஞாபகம் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பல டாக்டர்கள் கூடிப் பார்த்தே முடிவு செய்வார்கள். வால்வைச் சரி செய்தாலும் பயன் இராது என்று தெரிந்தால், மருந்தும் நல்ல பராமரிப்புமே மேல்.

ஆனால் சோதித்துப் பார்க்காமலே, வயதாகி விட்டது என்று ஒதுக்கி விடலாமா?

டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டாலே பெரும்பாலும் சந்தேகம் எழும். எக்கோ படம் எடுத்தால் தெளிவாகி விடும்.

படியில் உட்கார்ந்து விட்ட தாத்தாவின் கையைப் பிடித்து இறக்குங்கள். அடுத்த நாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!