அகஸ்டா சாவேஜ்: வெண்கலம் எட்டாத சிற்பி

1940 அக்டோபர் இறுதியில் நியூயார்க் உலகப் பொருட்காட்சி நிறைவுற்றது. அங்கு இரண்டு பருவங்களாகத் திரளான பார்வையாளர்கள் கண்டுசென்ற 16 அடி உயரச் சிற்பம் ஒன்று, காட்சி முடிந்ததும் இயந்திரங்களால் இடித்து நொறுக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் அகஸ்டா சாவேஜ் என்னும் கறுப்பினப் பெண் சிற்பி. சிற்பம் பிளாஸ்டரால் ஆனது. அதை வெண்கலத்தில் வார்ப்பதற்கோ, பெயர்த்தெடுத்து ஓரிடத்தில் பாதுகாப்பதற்கோ தேவையான பணம் அவரிடம் இல்லை. பணம் படைத்தவர் எவரும் முன்வரவுமில்லை.

இந்த இழப்பைத் தற்செயலான துயரமாகக் கருதிக் கடந்துவிட முடியாது. வெண்கலச் சிற்பம் உருவாகும் முறையை அறிந்தால் அதற்கான காரணம் விளங்கும். சிற்பி முதலில் களிமண்ணில் உருவத்தைப் பிடிக்கிறார். அதன்மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுக்கிறார். அந்த அச்சிலிருந்து பிளாஸ்டர் உருவம் கிடைக்கிறது. இதுவரை சிற்பியின் கூடத்திலேயே, சில தொழிற்கருவிகளோடு செய்துவிடலாம். அடுத்த கட்டம் வார்ப்படச் சாலைக்கு உரியது. பிளாஸ்டர் உருவத்தைக் கொண்டு மெழுகுப் பிரதி செய்து, வெப்பம் தாங்கும் பூச்சால் அதை மூடி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்ற வேண்டும். அந்த வெற்றிடத்தில், 1,000 பாகை செல்சியசுக்கும் மேல் உருக்கிய செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை ஊற்ற வேண்டும். குளிர்ந்தபின் பூச்சை உடைத்து, பிசிறுகளை வெட்டித் தேய்த்து, நிறம் ஏற்ற வேண்டும். உலோகம், உலை, எரிபொருள், தேர்ந்த தொழிலாளர் என ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். ஆகவே ஏழைச் சிற்பியின் படைப்பு பிளாஸ்டரோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டர் ஈரத்தில் கரையும், விழுந்தால் உடையும். சாவேஜின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே நின்றுபோனது.

அவர் 1892 பிப்ரவரி 29 அன்று புளோரிடா மாநிலத்தின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், 14 பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தார். செங்கல் சூளைகள் இருந்த ஊர் அது. அங்குக் கிடைத்த செம்மண் களியில் வாத்துகளையும் பிற விலங்குகளையும் செய்து விளையாடத் தொடங்கினார். மெதடிஸ்ட் சபைப் போதகரான தந்தை எட்வர்ட் ஃபெல்ஸ் அதை விக்கிரகம் செய்யும் பாவமாகக் கண்டு, வாரத்தில் பலமுறை அடித்தார். சிறுமியோ கைவிடவில்லை. 15 வயதில் திருமணம், அடுத்த ஆண்டே ஒரு மகள், விரைவில் கணவரின் மரணம் என வாழ்க்கை அவரை விரட்டியது.

1915இல் குடும்பம் வெஸ்ட் பாம் பீச் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அங்குக் களிமண் கிடைக்கவில்லை. ஒரு மட்பாண்டத் தொழிலாளியிடம் கேட்டுப் பெற்ற 25 பவுண்டு களிமண்ணில் மீண்டும் தொடங்கினார். அவருடைய பள்ளி முதல்வர், நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலியில் பிற மாணவர்களுக்குக் களிமண் வேலை கற்பிக்கச் செய்தார். தாமே மாணவியாக இருந்த காலத்திலேயே அவர் ஆசிரியரும் ஆனார். மாவட்டக் கண்காட்சியில் அவருடைய உருவங்கள் 25 டாலர் பரிசு பெற்றன.

1921இல் நியூயார்க் சென்று இறங்கியபோது அவர் கையில் இருந்தது 4 டாலர் 60 சென்ட் மட்டுமே. அறிமுகக் கடிதத்துடன் அணுகிய சிற்பி, தம் மாணவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் என்றும் கட்டணம் அவருக்குக் கட்டுப்படியாகாது என்றும் கூறி, கட்டணமில்லாத கூப்பர் யூனியன் பள்ளிக்கு வழிகாட்டினார். காத்திருப்போர் பட்டியலில் இருந்த 142 பேரைத் தாண்டி அவருக்கு அங்கு இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார்.

1923இல், பிரான்ஸின் ஃபாண்டேன்புளோ அரண்மனையில் அமெரிக்க மாணவர்களுக்காக நடந்த கோடைக்காலக் கலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். வெள்ளையர் மட்டுமே கொண்ட தேர்வுக் குழு, அவரது நிறத்தை அறிந்ததும் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஒரு கறுப்பினப் பெண்ணோடு பயணம் செய்யவும் தங்கவும் தென் மாநில வெள்ளை மாணவிகளுக்குச் சங்கடமாக இருக்கும் என்பதே காரணம். தீண்டாமையை அறிந்தவர்களுக்கு இந்தக் காரணம் புதிதாக இராது. சாவேஜ் மௌனம் காக்கவில்லை. செய்தித்தாள்களுக்கு எழுதினார், பிரச்சினையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். குழுவின் முடிவு மாறவில்லை. உறுப்பினர்களுள் ஒருவரான சிற்பி ஹெர்மன் மெக்னீல் மட்டும் வெட்கமுற்று, தம்மிடம் வந்து பயிலுமாறு அவரை அழைத்தார். ஆனால் அதிகாரத்தை எதிர்த்துப் பேசிய பெண் என்ற பெயர், அருங்காட்சியகங்களிலும் கலைக்கூடங்களிலும் அவருக்குப் பல கதவுகளை அடைத்தது.

இதே காலகட்டத்தில் ஹார்லெம் நூலகத்துக்காக டபிள்யூ. இ. பி. டுபாய்ஸின் மார்பளவுச் சிற்பத்தை அவர் செய்தார். அண்ணல் அம்பேத்கர், ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டு, 1946இல் கடிதம் எழுதியது இந்த டுபாய்ஸுக்குத்தான். மார்கஸ் கார்வியின் உருவத்தையும் சாவேஜ் வடித்தார். கார்வி இயக்கத்தைச் சேர்ந்த ராபர்ட் போஸ்டனை 1923இல் மணந்தார். அடுத்த ஆண்டே, லைபீரியா சென்று திரும்பும் வழியில் போஸ்டன் கப்பலில் இறந்தார். 1925இல் ரோம் நகரில் பயில உதவித்தொகை கிடைத்தும், பயணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் பணம் திரட்ட முடியாமல் அவ்வாய்ப்பு நழுவியது. சலவைக் கூடங்களில் வேலை செய்து, தம்மிடம் வந்து சேர்ந்த பெற்றோர் குடும்பத்தையும் காப்பாற்றினார்.

1929 அளவில் அவர் செய்த ‘காமின்’ என்னும் சிறுவனின் மார்பளவுச் சிற்பமே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. சற்றே சாய்ந்த தொப்பியும், சுருக்கம் விழுந்த சட்டையும், உலகத்தை நம்பாத பார்வையும் கொண்ட தெருச் சிறுவன் அவன். கறுப்பின முகங்களைக் கேலிச் சித்திரங்களாகவே கண்டு பழகிய காலத்தில், அந்த முகம் ஒரு தனி மனிதனின் முகமாக வெளிப்பட்டது. வெண்கலத்துக்கு வழியில்லாத சாவேஜ், பிளாஸ்டர் உருவங்களின்மேல் வண்ணமும் காலணிக்குப் பூசும் பாலிஷும் தடவி உலோகத்தின் தோற்றத்தை வரவழைத்தார். ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இன்றுள்ள ‘காமின்’ சிற்பமும் வண்ணம் பூசிய பிளாஸ்டரே. ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகையில் பாரிஸ் சென்றிருந்த காலத்தைச் சேர்ந்த, 1930ஆம் ஆண்டின் ‘லா சிட்டாடெல்’ சிற்பம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டு, ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளது. பொருளுதவி கிட்டினால் அவர் கலை எவ்வடிவம் பெற்றிருக்கும் என்பதற்கு அதுவே சான்று.

நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இருந்தபோது திரும்பிய சாவேஜ், ஹார்லெமில் ஓர் அடித்தளத்தைக் கலைக்கூடமாக்கிக் கற்பிக்கத் தொடங்கினார். ஆர்வத்தோடு வந்த எவரையும் சேர்த்துக்கொண்டார். ஜேக்கப் லாரன்ஸ், நார்மன் லூயிஸ், க்வென்டலின் நைட் போன்ற ஓவியர்கள் அவரிடமிருந்து உருவானார்கள். அங்கு வந்த இளைஞர்களுள் ஒருவரான கென்னத் கிளார்க் பின்னாளில் உளவியலாளரானார். தம் மனைவி மேமியுடன் அவர் நடத்திய பொம்மைச் சோதனைகள், பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டவிரோதம் என அறிவித்த 1954 தீர்ப்பில் இடம்பெற்றன. 1937இல் அரசு நிதியில் தொடங்கிய ஹார்லெம் சமுதாயக் கலை மையத்தின் முதல் இயக்குநரும் சாவேஜே.

அதே ஆண்டில் உலகப் பொருட்காட்சிக்கான சிற்பப் பணி அவரைத் தேடி வந்தது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதி, கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதமாகப் போற்றும் பாடலை அவர் கருவாகக் கொண்டார். அங்கியணிந்த 12 பாடகர்கள் யாழின் நரம்புகளாக உயரம் குறைந்து வரிசையில் நிற்க, அவர்களைத் தாங்கும் யாழின் அடிப்பகுதி இறைவனின் கரமாக அமைந்தது. அந்தப் பாடலின் பெயரையே அவர் சிற்பத்துக்குச் சூட்டியிருந்தார். காட்சி அமைப்பாளர்களோ அதை வெறுமனே ‘யாழ்’ என்று மாற்றினார்கள். மக்கள் அதன் சிறு உலோகப் பிரதிகளையும் அஞ்சலட்டைகளையும் வாங்கிச் சென்றனர். நினைவுப் பொருளாகக் கைக்குள் அடங்கும் அளவுக்கு உலோகம் கிடைத்தது. மூலச் சிற்பத்துக்குக் கிடைக்கவில்லை.

சிற்பத்துக்காக விடுப்பு எடுத்துத் திரும்பியபோது, கலை மையத்தின் இயக்குநர் பதவியில் வேறொருவர் இருந்தார். 1939இல் அவரே தொடங்கிய கலைக்காட்சிக் கூடம் நிதியின்றி விரைவிலேயே மூடப்பட்டது. 1940களின் நடுவில் நியூயார்க் நகரை விட்டு நீங்கி சாகர்டீஸ் என்னும் ஊரின் பண்ணை வீட்டில் குடியேறிய சாவேஜ், காளான் வளர்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்தார். 1962 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் இறந்தபோது பொதுவெளி அவரைப் பெரிதும் மறந்திருந்தது.

சாவேஜைப் பற்றி எழுதுவோர் பலரும், அவருடைய மாணவர்களே அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் என்று கூறி முடிப்பதுண்டு. மாணவர்கள் அவருடைய பெருமை என்பதில் ஐயமில்லை. அவரும் அப்படியே எண்ணினார். ஆனால் இந்தப் பாராட்டு, ‘யாழ்’ இடிக்கப்பட்டதற்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியை மறைத்துவிடக் கூடாது. வெள்ளைச் சிற்பிக்குக் கற்பித்தலும் படைப்பும் சேர்ந்தே வாய்த்தபோது, கறுப்பினப் பெண்ணிடம் மட்டும் ஒன்றை இழந்து மற்றொன்றால் ஆறுதல் கொள்ளுமாறு எதிர்பார்ப்பது நீதியன்று. தியாகம் என்று நாம் போற்றுவது பல வேளைகளில் மறுக்கப்பட்ட உரிமையே.

ஒடுக்கப்பட்டோரின் கலைக்கு அரங்கமும் கைதட்டலும் இன்று ஓரளவு கிடைக்கின்றன. விழா முடிந்தபின் அந்தப் படைப்பு எங்கே வைக்கப்படுகிறது, எப்பொருளில் நிலைநிறுத்தப்படுகிறது, அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. ‘யாழ்’ இன்று ஒளிப்படங்களிலும் அந்தச் சிறு உலோகப் பிரதிகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. நம் காலத்துக் கலைஞர்களுக்காக நிதியும் கூடமும் காப்பகமும் கோரும்போது, சாவேஜுக்கு மறுக்கப்பட்ட அடிப்படை உரிமையையே நாம் கோருகிறோம்.