அறிஞர் சித்திலெவ்வையும் ஸாஹிராவும்

அறிஞர் சித்திலெவ்வை 1838-இல் இலங்கையின் கண்டியில் பிறந்தவர், வழக்கறிஞர். அன்று ஆங்கிலப் பள்ளிகளில் பல மிஷனரிகளின் கையில் இருந்தன. ஈமான் போய்விடுமோ என்று பயந்து முஸ்லிம்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. பயம் நியாயமானதே, ஆனால் சமுதாயம் பின்தங்கியது. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை தொடங்கி எழுதினார். எதிர்ப்புகள் வந்தன, சளைக்கவில்லை. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். நாடு கடத்தப்பட்டு வந்த எகிப்தின் ஒராபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் துணை நின்றார்கள். 1892-இல் கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் ஸாஹிரா மத்ரஸா உருவானது. பின்னர் அதுவே ஸாஹிராக் கல்லூரி. 1898-இல் வஃபாத்தானார்.

நம் மஹல்லாவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? இன்றே விசாரிப்போம். அல்லாஹ் அவரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.