செங்கோட்டையில் வாதாடிய புலாபாய் தேசாய்

1945 ஆகஸ்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் நம் சிரம்பானில் தங்கியிருந்தார். ஜப்பான் சரணடைகிறது என்ற செய்தி இங்குதான் அவரை எட்டியது. இந்திய தேசிய இராணுவத்தின் பயிற்சி முகாம் ஒன்றும் இவ்வூரில் இருந்தது. நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்திருந்தார்கள்.

என் கொள்ளுத்தாத்தாவும் அவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் லயத்துக்குத் திரும்பி மறுபடியும் பால்வெட்டுக் கத்தியை எடுத்தார். படையில் இருந்ததைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை என்று பாட்டி சொல்வார். துரோகி என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அவர் துரோகியா, போர்வீரரா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் புலாபாய் தேசாய் என்ற வழக்கறிஞரைப் பற்றி அறிந்தேன்.

தேசாய் 1877இல் குஜராத்தின் வல்சாட் பகுதியில் பிறந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, அகமதாபாத்தில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்தார். ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து, 1905இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். பெயரும் பணமும் சேர்ந்தன.

அவர் வாழ்க்கையைத் திருப்பியவர்கள் விவசாயிகள். 1928இல் பர்தோலி வட்டாரத்தில் நிலவரி 22 விழுக்காடு உயர்த்தப்பட்டது. வல்லபாய் படேல் தலைமையில் மக்கள் வரி கட்ட மறுத்தனர். அரசு விசாரணைக் குழு அமைத்தபோது விவசாயிகள் பக்கம் நின்று தேசாய் வாதாடினார். உயர்வு 6 விழுக்காட்டளவுக்குக் குறைந்தது. பிறகு காங்கிரசில் சேர்ந்தார், 1932இல் சிறை சென்றார், 1934 தேர்தலுக்குப் பின் மத்திய சட்டமன்றத்தில் காங்கிரஸ் உறுப்பினர்களின் தலைவரானார்.

அடுத்து வந்தது சறுக்கல். காங்கிரஸ் தலைவர்கள் பலர் சிறையிலிருந்தபோது, இடைக்கால அரசு அமைப்பது பற்றி முஸ்லிம் லீக்கின் லியாகத் அலி கானுடன் அவர் ஓர் உடன்பாட்டுக்கு முயன்றார். அது கட்சியில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1945 தேர்தலில் போட்டியிட அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. வயது 68. உடல்நிலையும் சரியில்லை.

அந்த நிலையில்தான் செங்கோட்டை வழக்கு வந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று அதிகாரிகளை பிரிட்டிஷ் அரசு டெல்லி செங்கோட்டையில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. தப்பியோடிய வீரர்களைச் சுட்டுக் கொன்றதும் அதற்குத் துணைபோனதும் மற்றவை. தற்காப்புக் குழுவில் நேருவும் தேஜ் பகதூர் சாப்ருவும் இருந்தனர். ஆனால் 1945 நவம்பர் 5 முதல் வழக்கைச் சுமந்தவர் தேசாய்.

அவர் வாதத்தை எளிமையாகச் சொல்கிறேன். 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. ஜப்பான், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் அதை அங்கீகரித்தன. மலாயா இந்தியர்கள் பணமும் நகையும் கொடுத்து அதை நடத்தினார்கள். இரு தரப்பும் போர் புரிந்தால் அதற்குப் பொருந்துவது அனைத்துலகச் சட்டம். ஒரு தரப்பின் உள்நாட்டுச் சட்டத்தை வைத்து மறு தரப்பு வீரனைக் குற்றவாளியாக்க முடியாது. அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டு.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறிய விஷயம். இந்திய தேசிய இராணுவத்துக்கென்று தனி இராணுவச் சட்டம் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1911ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தை ஒட்டியே அது எழுதப்பட்டிருந்தது. குற்றம் செய்த வீரனை விசாரிக்கவும் தண்டிக்கவும் விதிகள் இருந்தன. அரசுத் தரப்புச் சாட்சியிடமிருந்தே அந்தப் படையின் ஒழுங்கமைப்பை தேசாய் வரவழைத்தார். சட்டம் இல்லாமல் ஆயுதம் ஏந்தினால் அது கும்பல். அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் தேசாயின் வாதத்துக்குப் பாதி பலம்கூட இருந்திருக்காது. அதேசமயம், போர்முனையில் அவசரமாக நடந்த விசாரணைகள் எல்லாமே நீதியானவை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல விதி ஏட்டில் இருப்பதும் அது நடப்பில் இருப்பதும் வேறு வேறு.

தற்காலிக அரசில் தகவல் அமைச்சராக இருந்த தமிழர் எஸ்.ஏ. ஐயரும் தற்காப்புச் சாட்சியாக வந்தார். டிசம்பரில் தேசாய் இரண்டு நாள் இறுதி உரை ஆற்றினார். ஆயினும் போர் தொடுத்த குற்றம் மூவர் மீதும் உறுதியானது. கொலைக்குத் துணைபோனதாக ஷா நவாஸ் மீதான குற்றமும் உறுதியானது. மற்ற இருவரும் கொலை தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டனர். மூவருக்கும் ஆயுள் முழுவதும் நாடுகடத்தல் என்பது தீர்ப்பு. ஆனால் நாடே கொதித்துக்கொண்டிருந்தது. 1946 ஜனவரி 3இல் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை நீக்கினார். பதவி பறிப்பு நின்றது. மூவரும் விடுதலையானார்கள்.

நான்கே மாதங்களில், 1946 மே 6இல், தேசாய் காலமானார். சுதந்திர இந்தியாவை அவர் பார்க்கவில்லை. 1950இல் இந்தியா புதிய இராணுவச் சட்டம் இயற்றியது. மைசூர், ஐதராபாத் போன்ற சமஸ்தானங்கள் தனித்தனியே வைத்திருந்த படைகளும் இந்திய இராணுவத்தோடு இணைந்தன. அந்த இரு சமஸ்தானங்களின் வீரர்களும் 1941, 1942இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றியவர்கள். நம் நாட்டிலும் ஆயுதப்படை வீரர்களை விசாரிக்க 1972ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் இருக்கிறது. வீரன் எந்த மாநிலத்துக்காரன் என்றாலும் அவனை அளக்கும் கோல் ஒன்றாக இருப்பதுதான் நியாயம்.

கூண்டில் நின்ற மூவரும் மன்னரின் படையில் உறுதிமொழி எடுத்த அதிகாரிகள். என் கொள்ளுத்தாத்தா அப்படி எந்த உறுதிமொழியும் எடுத்தவர் அல்லர். தோட்டத்திலிருந்து நேரே போனவர். அதிகாரிகளையே போர்வீரர்கள் என்று ஒருவர் நெஞ்சு நிமிர்த்தி வாதாடினார் என்றால், இவர் பயந்து மௌனமாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. அந்த வழக்கின் சேதி அவருக்கு எட்டியதா என்று பாட்டிக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் தோட்டத்திலிருந்து அந்தப் படைக்குப் போனவர் இருந்திருக்கலாம். தாத்தா பாட்டியிடம் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.